சார்ல்ஸ்டன் வழிகாட்டித் தேர்வு: ஒரு நகரம் ஏன் தோற்றது

சுற்றுலாப் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிக் கட்டணம் வாங்குபவர் அதற்கு முன்பாக அரசு நடத்தும் தேர்வில் தேறியிருக்க வேண்டுமா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சிறிய நிர்வாகக் கேள்விதான். ஆனால் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள சார்ல்ஸ்டன் நகரம் அதற்கு 'ஆம்' என்று விடை சொன்னதற்காக நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடி, இரண்டு நிலைகளிலும் தோற்றது. 2016 ஜனவரியில் தொடுக்கப்பட்ட வழக்கில், நகரத்தின் உரிம விதி பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018 ஆகஸ்டில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் கரோலினாவை உள்ளடக்கிய வட்டாரத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான நான்காவது சர்க்யூட் 2020 ஜூன் 11 அன்று அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

இதைப் போன்றதொரு விதியை லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் 2014இல் நீதிமன்றத்தில் காப்பாற்றிக்கொண்டது. அதே மாதத்தில் தலைநகர் வாஷிங்டன் தன் விதியை இழந்தது. மூன்று நகரங்களும் ஏறக்குறைய ஒரே நோக்கத்தைச் சொல்லி, ஒரே கருவியைக் கையாண்டு, ஒரே அரசியலமைப்பின்கீழ் விசாரிக்கப்பட்டவை. அப்படியிருந்தும் முடிவுகள் வேறுபட்டன. தேர்வு எளிதா கடினமா என்பதிலோ, வழிகாட்டிக்கு வரலாற்றறிவு வேண்டுமா என்பதிலோ இந்த வேறுபாட்டின் காரணம் இல்லை என்பதே இவ்வாய்வின் முடிவு. தேர்வைக் கட்டாயமாக்கும் முன் வேறு எதையாவது செய்து பார்த்தாயா, அதற்கு ஆவணம் இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்டதா இல்லையா என்பதிலேயே வழக்குகளின் தலைவிதி அமைந்தது.

விதியும் அதன் சுமையும்

சார்ல்ஸ்டன் 1670இல் தோன்றிய துறைமுக நகரம். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் கணிசமானோர் வந்திறங்கிய கரை அது. 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் வெடித்ததும் அதன் துறைமுக வாயிலிலுள்ள சம்டர் கோட்டையில்தான். பழைய வீதிகளையும் வீடுகளையும் பார்க்க வரும் பயணிகளே நகரத்தின் பொருளாதாரத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்று என்பதால், நடைச் சுற்று, குதிரை வண்டிச் சுற்று, பேருந்துச் சுற்று ஆகிய அனைத்தையும் ஒழுங்குபடுத்தும் விரிவான விதித்தொகுப்பை நகரம் வைத்திருந்தது. அதற்குள் ஒரு பகுதியாக வழிகாட்டி உரிமமும் இருந்தது.

கட்டணம் பெற்றுக்கொண்டு நகரத்தில் வழிகாட்டியாகச் செயல்படும் எவரும், அவ்வாறு செயல்பட முன்வரும் எவரும், எழுத்துத் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. தேர்வில் 200 கொள்குறி வினாக்கள் கேட்கப்பட்டன. அவற்றுக்கான பாடம் நகரமே வெளியிட்ட பயிற்சிக் கையேடு. அதன் நீளம் ஏறத்தாழ 500 பக்கம். உரிமமின்றி வழிகாட்டியவருக்கு 500 டாலர் வரை அபராதமோ 30 நாள் வரை சிறையோ விதிக்க இடமிருந்தது. வழக்குத் தொடுக்கப்பட்ட நேரத்தில் இவை போக ஒரு வாய்மொழித் தேர்வும் இருந்தது. தற்காலிக உரிமத்தில் பணிபுரிபவர்கள் தாங்கள் சொல்லப்போவதை முன்கூட்டியே எழுதி நகரத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற விதியும் இருந்தது.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் பயணிகளிடம் பேசப்போகும் உரையை அரசு அலுவலகம் படித்துப் பார்த்து அனுமதிப்பது முன்தணிக்கையின் வடிவம். அமெரிக்கச் சட்டத்தில் அதைக் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம் என்பது நகரத்தின் வழக்கறிஞர்களுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. வழக்கு வந்த சில மாதங்களுக்குள், 2016இலேயே, நகர மன்றம் அந்த விதியையும் வாய்மொழித் தேர்வையும் நீக்கியது. எழுத்துத் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண்ணையும் 80 விழுக்காட்டிலிருந்து 70ஆகக் குறைத்தது. வழக்கின் வலுவான பகுதிகளை இப்படி வெட்டிவிட்டால் எஞ்சியது தப்பிப் பிழைக்கும் என்பது கணக்கு. ஆனால் இந்தத் திருத்தமே ஒரு சங்கடமான வினாவை எழுப்பிவிட்டது. நேற்று வரை 75 மதிப்பெண் எடுத்தவர் பயணிகளுக்குத் தீங்கு செய்யக்கூடியவராக இருந்து, இன்று அதே மதிப்பெண்ணோடு நம்பத் தகுந்தவராக மாறிவிட்டார் என்றால், அந்தக் கோடு எந்தத் தீங்கை அளந்து போடப்பட்டது?

வழக்குத் தொடுத்தவர்கள், வழிகாட்டிகளாகப் பணிபுரிய விரும்பிய மூவர். அவர்களுக்காக வாதாடிய 'இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு 1991இல் தொடங்கப்பட்டது. தொழில் உரிமங்கள் பெரும்பாலானவை ஏற்கெனவே தொழிலில் இருப்போரைப் போட்டியிலிருந்து காக்கும் வேலிகள் என்ற கொள்கை நிலைப்பாட்டோடு நாடெங்கும் வழக்காடி வருவது. பிலடெல்பியா, வாஷிங்டன், நியூ ஆர்லியன்ஸ், சவன்னா, சார்ல்ஸ்டன் ஆகிய ஐந்து நகரங்களின் வழிகாட்டி விதிகளையும் எதிர்த்து நின்றது இதே அமைப்புதான். ஆகவே இவற்றைத் தற்செயலாக முளைத்த தனித்தனி வழக்குகளாகப் பார்க்காமல், நீண்டகாலத் திட்டமொன்றின் கண்ணிகளாகப் பார்ப்பதே சரி. வாதிகளின் பின்னணியை அறிந்துகொள்வது வாசகருக்கு நல்லது. அதனால் அவர்களின் வாதம் வலுவிழந்துவிடாது.

பேச்சா, தொழிலா

நகரத்தின் முதல் தற்காப்பு, இந்த விதி பேச்சைத் தொடவே இல்லை என்பது. கட்டணம் வாங்கி ஆட்களை அழைத்துச் செல்வது ஒரு தொழில் நடவடிக்கை. நடவடிக்கையை ஒழுங்குபடுத்தும்போது பேச்சின்மீது ஏதேனும் பாதிப்பு விழுந்தால் அது தற்செயல். உரிமம் பெற்றபின் வழிகாட்டி என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று நகரம் கட்டளையிடவில்லை. இதுவே வாதத்தின் சாரம்.

நான்காவது சர்க்யூட் இதை ஏற்கவில்லை. கட்டணச் சுற்றொன்றில் வழிகாட்டி செய்யும் வேலையே பேசுவதுதான்; வீதிகளில் நடப்பதற்கு எவருக்கும் உரிமம் வேண்டியதில்லை; நடக்கும்போது விளக்கிச் சொல்வதற்கே உரிமம் தேவைப்படுகிறது. எனவே பேச்சின்மீது விழும் சுமை தற்செயலானதாக இருக்க முடியாது. வழிகாட்டுவதற்காகப் பணம் பெறுவதால் அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்புக் குறைந்துவிடாது என்பதும் அமெரிக்கச் சட்டத்தில் நிலைபெற்ற கொள்கை. நாளிதழும் நாவலும்கூட விற்கப்படுபவைதாம்.

இங்கே நகரத்துக்குப் பாதகமாக இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. தொழில்முறையாளர்களின் பேச்சு தனியொரு வகை, அதற்குக் குறைந்த பாதுகாப்புப் போதும் என்ற கருத்தைச் சில கீழ் நீதிமன்றங்கள் கையாண்டு வந்தன. கலிபோர்னியாவின் கர்ப்பகால ஆலோசனை மையங்கள் தொடர்பான வழக்கில் 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தனி வகையை ஏற்க மறுத்தது. சார்ல்ஸ்டன் வழக்கின் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து.

நகரத்தின் வாதத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞரும் உளவியல் ஆலோசகரும் செய்யும் வேலையில் பெரும்பகுதி பேச்சுதான். அவர்களுக்குத் தேர்வும் உரிமமும் உண்டு. அங்கே ஏற்கப்படுவது இங்கே ஏன் ஏற்கப்படவில்லை? அங்கே பேச்சோடு பிணைந்த ஒரு பொறுப்புறவு இருக்கிறது. வழக்கறிஞர் கட்சிக்காரரின் சார்பில் செயல்படுகிறார். அவர் பிழை செய்தால் கட்சிக்காரரின் உரிமையோ சொத்தோ போகும். வழிகாட்டி ஒரு வீட்டின் கட்டப்பட்ட ஆண்டைத் தவறாகச் சொன்னால் கேட்டவருக்கு என்ன போகும்? இந்த வேறுபாடு எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. ஆனால் தீர்ப்பு இதைக் கோட்பாடாக வகுத்துவிடவில்லை. வகுக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

ஆவணம் கேட்ட நீதிமன்றம்

பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அமெரிக்க நீதிமன்றங்கள் இரு அளவுகோல்களில் ஒன்றால் அளக்கின்றன. பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்த்து வேறுபாடு காட்டும் சட்டமானால் கடும் சோதனை. உள்ளடக்கத்தைச் சாராததானால் இடைநிலைச் சோதனை. இரண்டாவது சோதனையில், அரசின் நோக்கம் முக்கியமானதாக இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையானதைவிடக் கணிசமாக மிகுந்த பேச்சைச் சட்டம் ஒடுக்கக் கூடாது. சார்ல்ஸ்டனின் விதி உள்ளடக்கம் சார்ந்ததா இல்லையா என்பதை நான்காவது சர்க்யூட் முடிவுசெய்யவில்லை. நகரத்துக்குச் சாதகமான இடைநிலைச் சோதனையையே வைத்துப் பார்ப்போம், அதிலேயே நகரம் தேறவில்லை என்றால் மற்றதைப் பேச வேண்டியதில்லை என்று முடித்துக்கொண்டது. சுற்றுலாத் தொழிலையும் பயணிகளையும் ஏமாற்றிலிருந்து காப்பது முக்கியமான நோக்கம் என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இவ்வளவு விட்டுக்கொடுத்த பிறகும் நகரம் தோற்றது.

அதற்குக் காரணம் 2014 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு. கருக்கலைப்பு மருத்துவமனைகளின் வாயிலைச் சுற்றி 35 அடிக்குள் எவரும் நிற்கக் கூடாது என்ற மாசசூசெட்ஸ் சட்டத்தைச் செல்லாததாக்கிய அத்தீர்ப்பு, இடைநிலைச் சோதனைக்கு ஒரு கூர்மையான முனையை வைத்தது. பேச்சைக் குறைவாகப் பாதிக்கும் மாற்று வழிகள் பயன் தராது என்று அரசு மெய்ப்பிக்க வேண்டும். தான் தேர்ந்த வழி நிர்வாகத்துக்கு எளிதானது என்று சொல்வது போதாது. அடுத்த ஆண்டே நான்காவது சர்க்யூட், வர்ஜீனியாவின் ஹென்ரைக்கோ மாவட்டத்தில் சாலைகளில் நின்று யாசிப்பதைத் தடுத்த விதி பற்றிய வழக்கில், இதை ஓர் ஆதாரச் சுமையாகவே வகுத்துக்கொண்டது. மாற்று வழிகளை அரசு உண்மையிலேயே முயன்றோ பரிசீலித்தோ இருக்க வேண்டும், அதற்கான சான்றை நீதிமன்றத்தில் வைக்க வேண்டும்.

சார்ல்ஸ்டனிடம் அப்படிப்பட்ட சான்று இல்லை. தேர்வெழுதித் தேறியவர் 'நகரம் சான்றளித்த வழிகாட்டி' என்று விளம்பரப்படுத்திக்கொள்ளலாம், தேறாதவரும் தொழில் செய்யலாம் என்ற விருப்பச் சான்றிதழ் முறையை அது நடத்திப் பார்க்கவில்லை. மோசடிக்கு எதிராக ஏற்கெனவே இருந்த சட்டங்களை வழிகாட்டிகள்மீது முடுக்கிவிட்டுப் பலன் பார்க்கவில்லை. விருப்பச் சான்றிதழ் போதாது என்று வழக்கின்போது வாதிட்டது உண்டு. வாதம் வேறு, முயன்று பார்த்த சான்று வேறு. வாய்மொழித் தேர்வை நீக்கியதையும் மதிப்பெண்ணைக் குறைத்ததையும் தன் நெகிழ்வுக்குச் சான்றாக அது காட்டியது. ஒரே கருவியின் முனையை மழுக்குவதை வேறு கருவியை முயன்றதாக நீதிமன்றம் கருதவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நடைமுறைத் தொழில்நுட்பமாகத் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஒரு நகரம் தண்டனைச் சட்டத்தின் துணையோடு ஒருவரின் வாயை அடைக்கும்போது, அதைவிட மென்மையான வழி ஏன் போதவில்லை என்று கேட்பது மிகக் குறைந்தபட்சக் கேள்வி. நகரம் விடைசொல்லத் திணறியதற்குக் காரணம், அந்தக் கேள்வியை விதியை இயற்றியபோது யாரும் கேட்டிருக்கவில்லை என்பதுதான்.

2014 ஜூன்: இரு நகரங்கள்

சார்ல்ஸ்டன் தீர்ப்பின் பொருள் அதற்கு முந்தைய இரு தீர்ப்புகளோடு வைத்துப் பார்க்கும்போது தெளிவாகும்.

நியூ ஆர்லியன்ஸ் வழிகாட்டிகளுக்கு வரலாற்றுத் தேர்வு உண்டு. அதோடு கடந்த ஐந்து ஆண்டுகளில் கடுங்குற்றத் தண்டனை பெற்றிருக்கக் கூடாது, போதைப்பொருள் சோதனையில் தேற வேண்டும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருந்தன. இவ்விதி செல்லும் என்று, லூசியானாவை உள்ளடக்கிய வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஐந்தாவது சர்க்யூட் 2014 ஜூன் 2 அன்று தீர்ப்பளித்தது. உரிமம் பெற்ற வழிகாட்டி தான் விரும்பியதைச் சொல்லலாம். எதைச் சொல்ல வேண்டும் என்று நகரம் கட்டளையிடவில்லை. வழிகாட்டி ஊரை அறிந்தவராகவும் நம்பத் தகுந்தவராகவும் இருக்கிறார் என்று உறுதிசெய்வதே நோக்கம். ஆகவே விதி செல்லும். சுருக்கமான தீர்ப்பு. மாற்று வழிகளை நகரம் முயன்றதா என்ற வினா அதில் இடம்பெறவே இல்லை. தேதிகளைப் பார்த்தால் வியப்பில்லை: அந்த வினாவைக் கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு 24 நாள்கள் கழித்தே வந்தது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2015இல் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்தது.

வாஷிங்டன் வழக்கு வேறு திசையில் போனது. அங்கே தேர்வு 100 வினாக்களைக் கொண்டது. உரிமமின்றி வழிகாட்டினால் 300 டாலர் அபராதமும் 90 நாள் சிறையும் வரை போகலாம். செக்வே எனப்படும் இருசக்கர மின்வண்டிகளில் பயணிகளை அழைத்துச் செல்லும் ஒரு சிறு நிறுவனத்தின் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், தலைநகர் வட்டாரத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான கொலம்பியா மாவட்ட சர்க்யூட் 2014 ஜூன் 27 அன்று விதியைச் செல்லாததாக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜானிஸ் ரோஜர்ஸ் பிரவுன். பயணிகளை நடுவழியில் விட்டுவிட்டுப் போவது, கூடுதல் பணம் கேட்பது, தரக்குறைவான சேவை, பாதுகாப்பின்மை எனப் பல தீங்குகளைத் தலைநகரம் பட்டியலிட்டிருந்தது. இவை நடக்கின்றன என்பதற்கு ஆவணத்தில் சான்றே இல்லை; நடப்பதாகவே வைத்துக்கொண்டாலும் வரலாற்றுத் தேர்வு அவற்றை எப்படித் தடுக்கும் என்ற விளக்கமும் இல்லை என்றது நீதிமன்றம். தரத்தைக் காக்கச் சந்தையும் பயணிகளின் இணைய மதிப்புரைகளும் இருப்பதையும் சுட்டிக்காட்டியது.

இந்த இரண்டாவது குறையே எனக்கு முதன்மையாகப் படுகிறது. தேர்வு அளப்பது அறிவை. நகரம் அஞ்சுவது நடத்தையை. நகரத்தின் தூண்களை எழுப்பிய கட்டடக் கலைஞர் யார் என்று சரியாக விடையளித்தவர் பயணியை நடுத்தெருவில் விட்டுச் செல்ல மாட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நியூ ஆர்லியன்ஸின் விதி இவ்வகையில் சற்றே நேர்மையானது என்பேன். அது குற்றப் பின்னணியைப் பார்க்கிறது. அந்நிபந்தனையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் அஞ்சும் தீங்குக்கும் கேட்கும் தகுதிக்கும் இடையே அங்கே ஒரு தொடர்பு தெரிகிறது.

பிலடெல்பியா 2008இல் உரிமச் சட்டத்தை இயற்றியும், நிதியின்மையால் அதைச் செயல்படுத்தவில்லை. எனவே அதற்கெதிரான வழக்கு முதிரவில்லை என்று நீதிமன்றங்கள் கைவிட்டன. ஜார்ஜியாவின் சவன்னா நகரம் வழக்கு நிலுவையில் இருந்தபோதே 2015இல் தன் தேர்வை நீக்கிவிட்டது. இவ்விரண்டையும் பற்றி இதற்குமேல் சொல்ல அதிகமில்லை.

ஐரோப்பா இதே வினாவை முன்பே சந்தித்தது

பேச்சுரிமை என்ற சொல்லே இல்லாமல், ஏறக்குறைய இதே விடையை ஐரோப்பிய நீதிமன்றம் 1991 பிப்ரவரி 26 அன்று கண்டடைந்திருந்தது என்பது ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. பிரான்ஸ், இத்தாலி, கிரேக்கம் ஆகிய மூன்று நாடுகளுக்கும் எதிராக ஐரோப்பிய ஆணையம் தொடுத்த வழக்குகளில் ஒரே நாளில் தீர்ப்பு வந்தது. மற்றொரு உறுப்பு நாட்டிலிருந்து சுற்றுலாக் குழுவோடு கூடவே வரும் வழிகாட்டியும் உள்ளூர்த் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்ற அந்நாடுகளின் விதி, சேவைகளை வழங்கும் சுதந்திரத்தைத் தடுப்பது என்று நீதிமன்றம் கூறியது. 1994இல் ஸ்பெயினுக்கு எதிராகவும் இதே முடிவு.

அத்தீர்ப்புகளின் தருக்கம் நுட்பமானது. வரலாற்றுச் சிறப்புடைய இடங்களை மக்கள் சரியாக உணர்ந்து போற்றுவதும், பண்பாட்டு மரபுகள் பற்றிய அறிவு இயன்றவரை பரவுவதும் பொதுநலம் சார்ந்த நோக்கங்கள், அவற்றின் பொருட்டுக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் உரிம விதி தகுதியுள்ள வழிகாட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. குழுவை அழைத்து வரும் நிறுவனம் உள்ளூர் வழிகாட்டியை நாட வேண்டியதாகிறது. பயணிகளோ தங்கள் மொழியையும் ஆர்வங்களையும் எதிர்பார்ப்புகளையும் அறிந்த வழிகாட்டியை இழக்கிறார்கள். அறிவு பரவ வேண்டும் என்று கொண்டுவரப்பட்ட விதி, கேட்பவருக்குப் புரியும்படி சொல்லக்கூடியவரையே அப்புறப்படுத்திவிடுகிறது. தரம் கெட்டுவிடுமே என்ற அச்சத்துக்கும் விடை உண்டு: தன் பெயர் கெடாமல் காக்க வேண்டிய சுற்றுலா நிறுவனமே வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்துக் கண்காணிக்கும் என்றது நீதிமன்றம்.

அதே தீர்ப்புகளில் ஒரு விலக்கும் இருக்கிறது. சிறப்புத் தகுதி பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும் என்று வரையறுக்கப்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் இந்தத் தடை பொருந்தாது. அதாவது ஒரு கட்டடத்துக்குள் உரிமம் கேட்கலாம். ஊர் முழுவதையும் ஒரு கட்டடமாகக் கருதி அதே உரிமத்தைக் கேட்கக் கூடாது. அமெரிக்கத் தீர்ப்புகள் இந்தக் கோட்டை வெளிப்படையாக வரையவில்லை. வரைந்திருந்தால் வழக்குகள் இன்னும் தெளிவாக அமைந்திருக்கும் என்பது என் எண்ணம். மூடிய இடத்தின் பொறுப்பாளருக்கு அங்குள்ள பொருள்களைக் காக்கும் கடமை உண்டு. அங்கே யார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வரையறுப்பது அக்கடமையின் பகுதி. பொதுத் தெருவுக்கு அப்படியொரு பொறுப்பாளர் இல்லை.

கையேடு யாருடையது

சார்ல்ஸ்டன் வழக்கில் போதிய அளவு பேசப்படாத ஒன்று, அந்த ஐந்நூறு பக்கக் கையேட்டின் தன்மை. தேர்வை ஆதரிப்பவர்கள் அதை நடுநிலையான தகவல் தொகுப்பாகப் பார்க்கிறார்கள். ஆண்டுகளும் பெயர்களும் கட்டட வகைகளும் நடுநிலையானவைதாம். ஆனால் எவற்றைக் கேட்பது, எவற்றை விடுவது என்ற தெரிவு அப்படியல்ல. அடிமை வணிகத்தின் மேல் எழுந்த ஒரு நகரத்தில், மாளிகையின் வாயில் தூணைப் பற்றி எத்தனை வினா, அந்த மாளிகையின் பின்கட்டில் அடைத்துவைக்கப்பட்டவர்களைப் பற்றி எத்தனை வினா என்பதே ஒரு வரலாற்று நிலைப்பாடு. இவ்விகிதம் காலப்போக்கில் மாறும். எந்த நகரத்திலும் மாறித்தான் வந்திருக்கிறது. ஆனால் எந்தக் கட்டத்திலும் அதைத் தீர்மானிப்பது நகர நிர்வாகமே என்றால், அந்தக் கட்டத்தின் அதிகாரபூர்வ வரலாற்றை மனப்பாடம் செய்தவர்கள் மட்டுமே தெருவில் நின்று வேறொரு வரலாற்றைச் சொல்லலாம் என்றாகிறது. உரிமம் பெற்றபின் எதையும் சொல்லலாம் என்ற ஐந்தாவது சர்க்யூட்டின் ஆறுதல் எனக்குப் போதாததாகத் தோன்றுவது இதனால்தான்.

இதற்கு எதிர்ப்பக்க வாதமொன்று உண்டு. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நீண்டகாலம் தொழிலில் இருக்கும் வழிகாட்டிகளே. ஆண்டுக்கணக்கில் படித்து, ஆவணங்களைத் தேடி, ஒவ்வொரு கதையையும் சரிபார்த்துச் சொல்பவரும், நேற்று இணையத்தில் படித்ததை இன்று ஒப்பிப்பவரும் பயணியின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள். பயணி ஒரே ஒருமுறை வருகிறார். தான் கேட்டது பொய் என்று அவருக்குத் தெரியவே வராது. தெரியாத பிழைக்கு மதிப்புரையில் எப்படிப் புகார் எழுதுவார்? இணைய மதிப்புரைகளை நம்பிய வாஷிங்டன் தீர்ப்பு இந்த இடத்தில் பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மதிப்புரைகள் நேரந்தவறாமையையும் நகைச்சுவையையும் அளக்கும், உண்மையை அளக்காது.

ஆனாலும் இந்த வாதம் எதை நிறுவுகிறது என்று பார்த்தால், படித்த வழிகாட்டியைப் பயணி அடையாளம் காண ஒரு வழி வேண்டும் என்பதை மட்டுமே. படிக்காதவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பதை அது நிறுவவில்லை. பிரிட்டனின் 'புளூ பேட்ஜ்' முறை இதற்கு நேரடியான எடுத்துக்காட்டு. நீண்ட பயிற்சியும் கடினமான தேர்வுகளும் கொண்ட அந்தத் தகுதியைப் பெறாதவரும் அங்கே தெருவில் வழிகாட்டலாம். பெற்றவரின் சட்டையில் உள்ள நீலச் சின்னம் அவருடைய உழைப்பைப் பயணிக்குச் சொல்லிவிடுகிறது. ஐரோப்பியத் தரநிலை அமைப்பும் 2008இல் வழிகாட்டிகளுக்கான பயிற்சித் தேவைகளை ஒரு தரநிலையாக வெளியிட்டது; அது பயிற்சிக்கான அளவுகோலே தவிர, தொழிலுக்கான வாயிற்கதவு அல்ல. மறுபுறம் இத்தாலி 2023 டிசம்பரில் நாடு தழுவிய தேர்வையும் வழிகாட்டிகளின் தேசியப் பட்டியலையும் சட்டமாக்கியிருப்பதால், விருப்பச் சான்றிதழே எங்கும் வென்றுவருகிறது என்றும் சொல்லிவிட முடியாது.

நடத்தையை நேரடியாகத் தொடும் விதிகள்

சார்ல்ஸ்டன் வழக்கைப் படிக்கும் நகர நிர்வாகி ஒருவர் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது, தன் குறை எதைப் பற்றியது என்பதை. சுற்றுலாக் குழுக்களால் குடியிருப்பவர்கள் அன்றாடம் படும் அவதி பெரும்பாலும் தவறான வரலாற்றால் வருவதில்லை. நடைபாதை அடைபடுகிறது, ஒலிபெருக்கி அலறுகிறது, இரவில் சன்னலுக்குக் கீழே பேய்க் கதை நடக்கிறது. இவற்றுக்குத் தேர்வு மருந்தல்ல. தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவரும் அறுபது பேரை அழைத்து வந்து நடைபாதையை அடைக்கலாம்.

இதை நகரங்கள் மெல்ல உணர்ந்திருக்கின்றன. வெனிஸ் 2024இல் குழுக்களை 25 பேருக்குள் வரம்பிட்டு ஒலிபெருக்கிகளைத் தடைசெய்தது. ஆம்ஸ்டர்டாம் 2020இல் மையப்பகுதிக் குழுக்களை 15 பேருக்குள் அடக்கி, சிவப்பு விளக்குப் பகுதியில் குழுச் சுற்றுகளையே நிறுத்தியது. நியூ ஆர்லியன்ஸின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பில் ஒரு குழுவில் 28 பேருக்கு மேல் கூடாது, குழுக்களுக்கிடையே 50 அடி இடைவெளி வேண்டும், இரவு 10 மணிக்குள் முடிக்க வேண்டும். இவ்விதிகள் எவருடைய அறிவையும் சோதிப்பதில்லை. எவர் மீறினார் என்பதை ஒரு காவலர் எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம். பேச்சுரிமை வழக்கு இவற்றின்மீதும் வரலாம் என்றாலும், அப்போது நகரத்திடம் காட்டுவதற்கு அளவிடத்தக்க ஒரு தீங்கும் அதற்கு நேரான ஒரு தீர்வும் இருக்கும்.

தேர்வைக் கட்டாயமாக வைத்திருக்க ஒரு நகரம் இனியும் விரும்பினால், சார்ல்ஸ்டன் தீர்ப்பு அதற்கான கதவை முழுவதும் அடைத்துவிடவில்லை. பயணிகளின் புகார்களை வழிகாட்டியின் பெயரோடும் குறையின் வகையோடும் பல ஆண்டுகளுக்குப் பதிந்து வைத்திருக்க வேண்டும். விருப்பச் சான்றிதழை உண்மையாகவே நடத்தி, புகார்கள் குறைந்தனவா என்று பார்த்திருக்க வேண்டும். மோசடிச் சட்டத்தின்கீழ் எத்தனை வழக்குகள் தொடுக்கப்பட்டன, அவை ஏன் போதவில்லை என்பதைக் காட்ட முடிய வேண்டும். தேர்வின் ஒவ்வொரு பகுதியும் அந்தப் புகார்களில் எதைத் தடுக்கும் என்று விளக்க முடிய வேண்டும். இவற்றையெல்லாம் செய்துவிட்டு நீதிமன்றம் வரும் நகரத்தின் வழக்கு எப்படி முடியும் என்பதை இதுவரை இங்கே பார்த்த தீர்ப்புகள் எதுவும் சொல்லவில்லை, ஏனெனில் அப்படிப்பட்ட ஆவணத்தோடு அவற்றில் எந்த நகரமும் வரவில்லை. ஐந்தாவது சர்க்யூட்டின் எல்லைக்குள் அந்த ஆவணம் தேவைப்படவே இல்லை. நான்காவது சர்க்யூட்டின் எல்லைக்குள் அது இல்லாமல் நுழையவே முடியாது. இந்த முரணைத் தீர்க்கும் வழக்கொன்றை உச்ச நீதிமன்றம் ஏற்கும்வரை, ஒரே வேலைக்கு ஒரு நகரத்தில் தேர்வும் உரிமமும் வேண்டும், மற்றொரு நகரத்தில் இரண்டும் வேண்டாம் என்ற நிலையே நீடிக்கும்.